ஒப்புதல் வேறு, ஒப்பந்தம் வேறு

2025 ஜூலை 3 அன்று ராணுவத் தளவாடக் கொள்முதல் கவுன்சில் 1.05 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. ஆகஸ்ட் 5 அன்று 67,000 கோடி. அக்டோபர் 23 அன்று 79,000 கோடி. மூன்றையும் கூட்டினால் 2.51 லட்சம் கோடி ரூபாய். ஆனால், அந்த நிதியாண்டு முழுவதற்கும் ராணுவத்தின் மூலதனச் செலவுக்கு பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகையே சுமார் 1.80 லட்சம் கோடிதான்.

ஒரு வருஷத்துப் பணத்தைத் தாண்டி நான்கே மாதத்தில் எப்படி ஆயுதம் வாங்கினார்கள்? வாங்கவில்லை. அந்த மூன்று நாளிலும் கையெழுத்தானது 'ஏ.ஓ.என்.'. அதாவது, 'இந்தப் பொருள் படைக்கு அவசியம் என்று ஏற்றுக்கொள்கிறோம்' என்ற முடிவு. பாதுகாப்பு அமைச்சர் தலைமையில், முப்படைத் தலைமைத் தளபதியும் மூன்று படைகளின் தளபதிகளும் செயலாளர்களும் உட்கார்ந்து எடுக்கும் முடிவு அது. அந்த நிமிஷத்தில் கஜானாவிலிருந்து ஒரு பைசா வெளியே போவதில்லை. விற்கப்போவது எந்தக் கம்பெனி என்பதும் பெரும்பாலும் முடிவாகியிருக்காது. தொகைகூட மதிப்பீடுதான். ஆனால் மறுநாள் காலை, 'ரூ.79,000 கோடிக்கு நவீன ஆயுதங்கள் வாங்குகிறது இந்தியா' என்று தலைப்பு வருகிறது. படிக்கிறவர் மனதில், எல்லையில் நிற்கும் பையன் கைக்கு அந்த ஆயுதம் அடுத்த மாதமே போய்ச் சேர்ந்துவிடும் என்று பதிகிறது.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் இந்தச் செய்தியைப் பொழுதுபோக்குக்காக யாரும் படிப்பதில்லை. விடியற்காலை ராஜபாளையம் ரோட்டில் ஆள்சேர்ப்புத் தேர்வுக்காக மூச்சிரைக்க ஓடும் இளவட்டங்களைப் பார்க்கலாம். சுற்றுப்பட்டு கிராமங்களில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று வழி சொல்லும் வீடு இல்லாத தெரு குறைவு. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே, ஜம்முவிலோ அருணாசலத்திலோ இருக்கும் மகனின் போனுக்காகக் காத்திருக்கும் தாய்மார்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு 'ஒப்புதல்' என்றால் என்ன, 'வெற்றிகரமான சோதனை' என்றால் என்ன, 'படையில் சேர்ப்பு' என்றால் என்ன என்று யாராவது விளக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல் காகிதம்

எந்த ஆயுதமும் 'எஸ்.க்யூ.ஆர்.' என்ற காகிதத்தில்தான் பிறக்கிறது. அந்தப் பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று படைப்பிரிவு எழுதும் தகுதிப் பட்டியல் அது. எத்தனை கிலோமீட்டர் பாய வேண்டும், எத்தனை டிகிரி குளிரில் இயங்க வேண்டும், எத்தனை கிலோ எடைக்குள் இருக்க வேண்டும் எல்லாம் அதில் வந்துவிடும். இங்கே ஒரு வரி பிசகினால் பத்து வருஷம் வீணாகும். மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, ராணுவத்தின் சில பட்டியல்கள் மார்வெல் காமிக்ஸிலிருந்து எடுத்தவை போல இருப்பதாக வெளிப்படையாகவே சொன்னார். துப்பாக்கியே அதற்குச் சாட்சி. இன்சாஸ் ரைஃபிளுக்கு மாற்றாக, குழாயை மாற்றி இரண்டு வகைத் தோட்டாக்களைச் சுடும் ஒரு துப்பாக்கியை ராணுவம் கேட்டது. அந்த டெண்டர் 2015-ல் ரத்தானது. எழுதிய தகுதிகளுக்கு ஈடுகொடுக்கும் துப்பாக்கி கிடைக்கவில்லை. கடைசியில் 2019 பிப்ரவரியில், 'ஃபாஸ்ட் டிராக்' என்ற அவசர வழியில் அமெரிக்காவின் சிக்-சாவர் கம்பெனியிடம் 72,400 ரைஃபிள்கள் வாங்கினார்கள். அந்த இடைப்பட்ட வருஷங்களில் எல்லைக்குப் போன சிப்பாய்கள் பழைய துப்பாக்கியோடுதான் நின்றார்கள்.

தேவைக்குப் பொருந்தாத ஆயுதத்தோடு வந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மண் நேரில் கண்டிருக்கிறது. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்திலிருக்கும் நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் கோட்டையை 1755-ல் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் ஹெரான் முற்றுகையிட்டார். கோட்டைச் சுவரைத் தகர்க்கப் போதுமான கனரக பீரங்கி பலம் அவரிடம் இல்லை. கப்பம் கேட்டு மிரட்டிப் பார்த்தார்; பூலித்தேவர் மசியவில்லை. கும்பினிப் படை வெறுங்கையோடு திரும்பியது.

தகுதிப் பட்டியல் முடிந்து ஏ.ஓ.என். கிடைத்ததும் 'ஆர்.எஃப்.பி.' போகும். கம்பெனிகளிடம் முறைப்படி விலைப்புள்ளி கேட்கும் ஆவணம் அது. குறித்த காலத்துக்குள் அதை அனுப்பாவிட்டால் ஏ.ஓ.என். காலாவதியாகிவிடும். வந்த விண்ணப்பங்களைத் தொழில்நுட்பக் குழு சலிக்கும். அப்புறம் களச் சோதனை. ராஜஸ்தான் வெயிலிலும் லடாக் குளிரிலும் பொருளை ஓட்டிப் பார்ப்பார்கள். இதற்கு 'என்.சி.என்.சி.' என்று ஒரு நிபந்தனை உண்டு. சோதனைச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது. வாங்குவோம் என்ற உறுதி எதையும் அரசு தராது. பெரிய வெளிநாட்டுக் கம்பெனி இதைத் தாங்கிக்கொள்ளும். கோவையிலோ ஓசூரிலோ ஐம்பது பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவர், சோதனைக்காக இரண்டு வருஷம் அலைந்துவிட்டு டெண்டரே ரத்தாகிவிட்டது என்று கேட்டால் வங்கிக் கடனுக்கு எங்கே போவார்? உள்நாட்டு உற்பத்தியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் மாற்ற வேண்டியது இந்த நிபந்தனையைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

சோதனையில் தேறியவர்களின் விலை உறைகளைப் பிரிப்பார்கள். குறைந்த விலை கேட்டவர் 'எல்-1'. நகராட்சி வாறுகால் டெண்டரிலும் இதே சொல்தான் புழங்குகிறது என்பதால் நம் ஊர்க் காண்டிராக்டர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் வாறுகாலில் எல்-1 ஆனவருக்கு வேலை கிட்டத்தட்ட உறுதி. ராணுவத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. விமானப்படைக்கு 126 போர் விமானங்கள் வாங்க 2007 ஆகஸ்டில் ஆர்.எஃப்.பி. போனது. ஆறு வகை விமானங்களைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 2012 ஜனவரி 31 அன்று பிரான்ஸின் ரஃபேல் எல்-1 என்று அறிவித்தார்கள். அதன்பின் மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. 2015-ல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. 2016 செப்டம்பரில் அரசுக்கு அரசு ஒப்பந்தமாக வாங்கியவை 36 விமானங்கள். 126 என்ற எண்ணும் ஒரு காலத்தில் 'அவசியம்' என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட எண்தான்.

விலை படிந்த பிறகும், பெரிய தொகை என்றால் பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு சம்மதிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒப்பந்தம். ஒப்பந்தம் ஆனபின்னும் கதை முடியவில்லை. 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் சுமார் 48,000 கோடிக்குக் கையெழுத்தானது. 2024 மார்ச்சுக்குள் வரத் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய என்ஜின்கள் தாமதமானதில், அந்தக் கெடு கடந்து போனது.

யார் செய்தது?

ஏ.ஓ.என். செய்தியில் தொகைக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் இருக்கும்: 'பை இந்தியன்-ஐ.டி.டி.எம்.'. 2020 அக்டோபர் 1 அன்று நடப்புக்கு வந்த கொள்முதல் நடைமுறையில் முதலிடம் இந்தப் பிரிவுக்குத்தான். வடிவமைப்பும் உருவாக்கமும் தயாரிப்பும் இந்தியாவிலேயே நடந்திருக்க வேண்டும். விலையில் குறைந்தது பாதி உள்நாட்டுச் சரக்காக இருக்க வேண்டும். அதற்குக் கீழே வரிசையாக வேறு பிரிவுகள். கடைசிப் படியில் 'பை குளோபல்', அதாவது வெளிநாட்டிலிருந்து நேரடியாக வாங்குவது. ஜூலையில் ஒப்புதல் பெற்ற பத்து திட்டங்களும் ஐ.டி.டி.எம். பிரிவில் என்று அரசு அறிவித்தது. நல்ல செய்தி. 'பாதி உள்நாட்டுச் சரக்கு' என்றால் மறுபாதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையும் கூடவே கேட்க வேண்டும். தேஜஸ் காத்துக்கிடந்தது அந்த மறுபாதிக்காகத்தான்.

'ஆஃப்செட்' என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பெரிய தொகைக்கு வெளிநாட்டில் வாங்கினால், விற்றவர் அதில் ஒரு பங்கை இந்தியத் தொழிலில் திரும்பப் போட வேண்டும் என்பது விதி. 2005 முதல் 2018 மார்ச் வரை 66,427 கோடி ரூபாய் மதிப்பில் 46 ஆஃப்செட் ஒப்பந்தங்கள் போடப்பட்டதாகவும், வெளிநாட்டுக் கம்பெனிகள் உரிய காலத்தில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் பின்தங்கியதாகவும் மத்திய கணக்குத் தணிக்கையாளர் 2020-ல் எழுதினார். உயர் தொழில்நுட்பம் வந்து சேரவில்லை என்பது அவருடைய முக்கியமான குறை. அரசுக்கு அரசு ஒப்பந்தங்களுக்கு ஆஃப்செட் தேவையில்லை என்று அதே ஆண்டின் புதிய நடைமுறை சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு 2019 ஜனவரியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவித்தார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள். ஆவடியில் டாங்க், திருச்சியில் துப்பாக்கி, அருவங்காட்டில் வெடிமருந்து என்று இங்கே பழைய அடித்தளம் உண்டு. ஐந்து மையங்களில் ஒன்றுகூடத் திருச்சிக்குத் தெற்கே இல்லை. ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் தலைமையில் நாட்டின் ஏவுகணைத் திட்டம் வளர்ந்தது. மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறார்கள். அப்படியிருந்தும் தென்மாவட்டங்களுக்கு அந்த வரைபடத்தில் இடம் கிடைக்காதது ஒரு குறைதான்.

'சோதனை வெற்றி' என்றால்?

இனி ஏவுகணைக்கு வருவோம். 1983-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தில் ஐந்து பெயர்கள் இருந்தன: பிருத்வி, அக்னி, ஆகாஷ், திரிசூல், நாக். இவற்றில் இரண்டின் மேல் ஒரே முத்திரை குத்தப்பட்டது: 'டெக்னாலஜி டெமான்ஸ்ட்ரேட்டர்'. தொழில்நுட்பம் கைவசம் இருக்கிறது என்று காட்டும் பொருள் என்று அர்த்தம். 1989 மே 22 அன்று அக்னி முதன்முதலாகப் பறந்தபோது அந்த முத்திரையோடுதான் பறந்தது. பிற்பாடு அதுவே நாட்டின் அணு ஆயுதத் தடுப்பின் முதுகெலும்பாக வளர்ந்தது. திரிசூல் தாழப் பறந்து வரும் ஏவுகணையைத் தடுக்க வேண்டியது. பல ஆண்டுகள் போராடியும் படை கேட்ட நம்பகத்தன்மையை எட்டவில்லை. கடைசியில் அதற்கும் 'டெக்னாலஜி டெமான்ஸ்ட்ரேட்டர்' என்று பெயரிட்டு, படைத் தேவையிலிருந்து விலக்கி வைத்தார்கள். கடற்படை இஸ்ரேலின் பராக் ஏவுகணையை வாங்கிக்கொண்டது. அக்னிக்கு அந்த முத்திரை தொடக்கம், திரிசூலுக்கு முடிவு. ஆகவே செய்தியில் இந்தச் சொல் வந்தால், பொருள் ஏறுமுகத்தில் இருக்கிறதா இறங்குமுகத்தில் இருக்கிறதா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சோதனையிலும் படிகள் உண்டு. 'டெவலப்மென்ட் டிரையல்' என்பது விஞ்ஞானிகள் தங்களுக்காக நடத்துவது. இலக்கு எப்போது, எந்தத் திசையிலிருந்து வரும் என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும். 'யூசர் டிரையல்' என்பது நாளை போரில் அதை இயக்கப்போகும் படைவீரர்கள் கையால் சுட்டுப் பார்ப்பது. அதற்கப்புறம் தொழிற்சாலையிலிருந்து வந்த சரக்கிலிருந்து சிலவற்றை எடுத்துச் சுட்டுப் பார்ப்பது தனி. இந்த மூன்றாவது படிதான் ஆகாஷை உலுக்கியது. 2014 நவம்பர் வரை வந்த 80 ஏவுகணைகளில் 20-ஐச் சோதித்தபோது 6 தோற்றன என்று தணிக்கையாளர் 2017-ல் எழுதினார். வடகிழக்கில் நிறுத்த வேண்டிய இடங்களில் அதற்கான கட்டுமானமே தயாராகவில்லை என்றும் எழுதினார். அந்த அறிக்கையைப் படித்துக் கோபப்பட்டவர்கள் பலர். என்னைக் கேட்டால், அந்தப் பக்கங்கள் ஆகாஷுக்குச் செய்த உதவி பெரிது. குறை மேசைக்கு வந்தால்தான் யாராவது அதற்குப் பதில் சொல்வார்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த மோதலில் ஆகாஷ் நன்றாக வேலை செய்ததாக அரசு பெருமையோடு சொன்னது. ஆர்மீனியா அதை விலைகொடுத்து வாங்கியிருக்கிறது.

பாலிஸ்டிக் ஏவுகணைத் தடுப்பு இன்னும் கடினம். 2006 நவம்பர் 27 அன்று ஒடிசா கடற்கரையில், பாய்ந்து வந்த பிருத்வியை இன்னொரு ஏவுகணை 48 கிலோமீட்டர் உயரத்தில் அடித்தது. அடுத்த வருஷம் டிசம்பர் 6 அன்று, 15 கிலோமீட்டர் உயரத்தில் இன்னொரு வகை ஏவுகணை இலக்கை அடித்தது. வானில் இரண்டு அடுக்குகள்: மேலே தப்பியதைக் கீழே பிடிப்பது. 2017-ல் 97 கிலோமீட்டர் உயரம் வரை போனார்கள். 2024 ஜூலை 24 அன்று, 5,000 கிலோமீட்டர் வகை ஏவுகணைகளைத் தடுக்கும் 'இரண்டாம் கட்ட'த்தைச் சோதித்தார்கள். ஒவ்வொன்றும் மகத்தான சாதனை. ஆனால் 'முதல் கட்டம் நிறைவு, இரண்டு நகரங்களில் நிறுத்தலாம்' என்று பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் அப்போதைய தலைவர் வி.கே.சரஸ்வத் சொன்னது 2012-ல். அதற்குப் பிறகும் நாட்டுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சோதனைச் செய்திகள்தான். 'நிறுத்தலாம்' என்பதற்கும் 'நிறுத்தியாயிற்று' என்பதற்கும் நடுவே தொழிற்சாலை வரிசை, ரேடார் தளம், இரவும் பகலும் கண்விழிக்கும் ஆட்கள், வருஷாவருஷம் செலவு என்று ஒரு பெரிய வேலை கிடக்கிறது.

'இடைமறிப்பு' என்ற சொல்லிலும் கவனம் தேவை. 1991 வளைகுடாப் போரின் நடுவே, பிப்ரவரி 15 அன்று, பேட்ரியாட் ஏவுகணை செய்யும் ரேதியான் தொழிற்சாலைக்கு அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் போனார். ஈராக் ஏவி, பேட்ரியாட் எதிர்கொண்ட 42 ஸ்கட் ஏவுகணைகளில் 41 இடைமறிக்கப்பட்டன என்று அறிவித்தார். பத்தே நாளில், சவூதியின் தஹ்ரானில் ஒரு ஸ்கட் அமெரிக்கப் படைவீரர் குடியிருப்பில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். அங்கிருந்த பேட்ரியாட் கணினி நூறு மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரக் கணக்கில் சேர்ந்த பிழை சுமார் மூன்றில் ஒரு விநாடி. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துவிடும். ரேடார் தப்பான இடத்தில் தேடியது. பிழையைத் திருத்தும் மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள். போர் முடிந்து 1992-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு குடைந்து கேட்டபோது ராணுவத் தரப்பு சொன்ன விளக்கம் இது: அதிபர் 'அழித்தோம்' என்று சொல்லவில்லை, 'இடைமறிப்பு' என்றால் பேட்ரியாட்டும் ஸ்கட்டும் வானில் ஒன்றையொன்று கடந்து போயின என்று பொருள்.

அந்த 28 பேரின் வீடுகளை நினைத்தால் இந்த விளக்கம் நெஞ்சைச் சுடுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் இப்படி ஒரு விளக்கம் வரவே கூடாது.

கிலோமீட்டர் கணக்கு

ரஷ்யாவின் வான் பாதுகாப்பு அமைப்பான எஸ்-400 என்றதும் '400 கிலோமீட்டர்' என்பார்கள். 2018 அக்டோபர் 5 அன்று ரஷ்யாவோடு ஐந்து ஸ்க்வாட்ரன்களுக்கு, 5.43 பில்லியன் டாலருக்கு ஒப்பந்தமானது. முதலாவது 2021 டிசம்பரில் வரத் தொடங்கியது. உக்ரைன் போர் குறுக்கிட்டது. 2025 மே மோதலின்போது நம்மிடம் இருந்தவை மூன்று. அந்த மோதலில் பாகிஸ்தானின் ஐந்து போர் விமானங்களையும், சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பெரிய விமானத்தையும் வீழ்த்தியதாக விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங் ஆகஸ்டில் சொன்னார், பாகிஸ்தான் மறுத்தது.

400 என்பது அதன் ஏவுகணைகளில் மிக நீண்டது, விமானத்தை நோக்கிப் பாயும்போது எட்டும் தூரம். பாலிஸ்டிக் ஏவுகணையைத் தடுப்பதென்றால் தயாரிப்பாளர் சொல்லும் எல்லையே 60 கிலோமீட்டர்தான். சங்கரன்கோவிலிலிருந்து தெற்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில் கூடங்குளம் அணுமின் நிலையமும், மகேந்திரகிரியும், கடற்படையின் விஜயநாராயணம் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையமும் இருக்கின்றன. ஒரு பேச்சுக்கு, கூடங்குளத்தில் ஒரு எஸ்-400 நிற்பதாக வைத்துக்கொள்வோம். விமானம் வந்தால் சங்கரன்கோவிலும் அதன் வளையத்துக்குள் வரும். பாலிஸ்டிக் ஏவுகணை என்றால் வராது.

'கில் பிராபபிலிட்டி' என்று இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு தடுப்பு ஏவுகணை இலக்கை அழிக்க 80 சதவீத வாய்ப்பு என்று கொள்வோம். ஒன்றுக்கு இரண்டாக ஏவினால், இரண்டும் தனித்தனியே இயங்கும் பட்சத்தில், வாய்ப்பு 96 சதவீதம் ஆகும். நூறு ஏவுகணை வந்தால் இருநூறைச் செலவழித்தும் நான்கு உள்ளே விழும். முழுக் கவசம் என்று எந்த நாட்டிடமும் ஒன்று கிடையாது. எத்தனை ஏவுகணை இருப்பில் இருக்கிறது, தீர்ந்தால் எத்தனை மாதத்தில் நிரப்புவார்கள் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

2025 சுதந்திர தினத்தில் பிரதமர் 'மிஷன் சுதர்சன சக்ரா'வை அறிவித்தார். 2035-க்குள், கேந்திர நிலையங்களோடு மருத்துவமனை, ரயில்வே, வழிபாட்டுத் தலம் போன்ற மக்கள் கூடும் இடங்களுக்கும் கவசம் என்றார். எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று ஒடிசா கடற்கரையில் இரண்டு வகை ஏவுகணைகளையும் ஒரு லேசர் ஆயுதத்தையும் ஒரே கட்டுப்பாட்டு மையத்திலிருந்து இயக்கி ஆளில்லா விமானங்களை வீழ்த்தினார்கள். அது முதல் பறத்தல் சோதனை. ஜூலையில் ஏ.ஓ.என். பெற்ற பட்டியலில் தரையிலிருந்து வானுக்குப் பாயும் ஏவுகணைகளும் உண்டு.

வழிபாட்டுத் தலம் என்றால், ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடும் சங்கரநாராயணர் கோயிலும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். சங்கரன்கோவில் இருப்பது தென்காசி நாடாளுமன்றத் தொகுதியில். ரகசியம் எதையும் உடைக்காமலே அங்கிருந்து போகிறவர் மக்களவையில் கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. கடந்த ஐந்து வருஷத்தில் வழங்கிய ஏ.ஓ.என்.களில் எத்தனை ஒப்பந்தமாயின? எத்தனை காலாவதியாயின? ஒப்பந்தமானவற்றில் எத்தனை உரிய தேதிக்குள் படையின் கைக்குப் போயின? தாமதத்துக்காகக் கம்பெனிகளிடம் வசூலித்த அபராதம் எவ்வளவு?